சித்திர மாஸ்டர் செத்த மத்தியானம்

பந்தல் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது முடிச்சைப் பற்றித்தான். எந்தக் கயிற்றுக்கு எந்த முடிச்சு, வாவிக் காற்று அடித்தால் எந்தக் கம்பு முதலில் ஆடும் என்று. அதையெல்லாம் உங்கள் கை தானாகவே படித்துக்கொள்ளும். என் கையே படித்துக்கொண்டது என்றால் பாருங்களேன். இரண்டாம் வகுப்பில் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஜன்னலால் குதித்தவன் நான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் போனதெல்லாம் பரிசளிப்பு விழாவுக்குப் பந்தல் போடத்தான். அப்போதும் ஜன்னலைக் கண்டால் கால் கொஞ்சம் துடிக்கும்.

ஆகையால் முடிச்சை விடுங்கள். பந்தல் சாய்ந்தால் நாலு பேர் பிடித்து நிமிர்த்திவிடலாம். பந்தலுக்குக் கீழே வந்து நிற்கிற மனிதர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று முன்கூட்டியே தெரிவதில்லை. இந்தத் தொழிலில் அதுதான் கஷ்டம்.

வாகன இலக்கத் தகடுகளில் அரசாங்கம் சிங்கள எழுத்தை ஏற்றின காலம். நம்முடைய பக்கத்துப் பொடியன்மார் தார் வாளியும் தூரிகையுமாக ரோட்டில் இறங்கியிருந்தார்கள். லொறித் தகடு, கந்தோர்ப் பலகை, எங்கே அந்த எழுத்தைக் கண்டாலும் ஒரே இழுவை. எனக்கு எல்லா மொழியும் சரிசமம். ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கோபம் சும்மா வந்த கோபம் இல்லை என்பது எனக்கும் தெரிந்திருந்தது. என் மச்சானுக்கு அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை. புது மொழியைப் படி, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். நரைத்த தலையோடு அவன் குழந்தைப் பிள்ளை மாதிரி அரிச்சுவடியைப் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்தவன் நான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றின் சித்திர மாஸ்டர் எங்கள் கடைக்கு வந்து, படக் கண்காட்சிக்குப் பந்தல் வேண்டும் என்றார். ஒல்லி மனிதர். எப்போது பார்த்தாலும் காது மடலில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். மொழியைப் பற்றி ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டு இருக்க, இவர் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"வீட்ட பிந்திப் போனா உங்கட அம்மா என்னெண்டு ஏசுவா? அதைப் படமாக் கொண்டு வாங்க."

ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொன்று கொண்டுவந்தது. நாலு பேர் மட்டும் கூட்டுச் சேர்ந்து ஒரே துணியில் செய்தார்கள். தங்கேஸ்வரி பெரியகல்லாற்று மீன்காரக் குடும்பம். நாக்கில் முள் வைத்த பிள்ளை. ஹனீபா காத்தான்குடி நெசவுக்காரர் மகன். டொரத்தி பறங்கித் தச்சர் மகள்; அவர்கள் வீட்டுக்குள் பழைய போர்த்துக்கேயப் பேச்சு. நாலாவது பியசேன. சந்தையடிப் பேக்கரிக்காரரின் மகன், சிங்களப் பொடியன். வாயைத் திறந்தால் நம்மைவிட நல்ல மட்டக்களப்புத் தமிழ் வரும்.

ஹனீபாவின் வாப்பா தறியில் நெய்து கொடுத்த நீளத் துணி. அதில் நாலு அம்மாமாரும் சாய நிறங்களில் ஏசிக்கொண்டு இருந்தார்கள். தங்கேஸ்வரியின் அம்மா, "ஊர் சுத்தி முடிஞ்சுதா? சோறு இல்ல, சாம்பல்தான் இரிக்கி" என்று தமிழில். அரபு எழுத்தில் தமிழை எழுதுகிற அவர்கள் வழக்கப்படி ஹனீபாவின் உம்மா, "மஃரிப் தொழுகையும் முடிஞ்சிட்டு, இன்னும் வீடு தெரியல்லயா மனே?" என்று. டொரத்தியின் அம்மா இங்கிலீஸ் எழுத்தில் போர்த்துக்கேயம் ஏசினார். அது என்ன என்று நான் கேட்டதற்கு டொரத்தி, "வேணாம் அண்ணே, உங்கட காது பழுதாகிடும்" என்றாள். பியசேனவின் அம்மா சிங்களத்தில், "கொஹேத உம்ப ஹிட்டியே?" எங்கேயடா இருந்தாய் என்று.

பக்கத்துக்குப் பக்கமாக எழுதியிருந்தால் பரவாயில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒருத்தியின் எழுத்தின் வயிற்றுக்குள்ளால் மற்றவளின் எழுத்து போகும். ஒன்றை மட்டும் அழிக்க யாராலும் ஏலாது. அதை மேல்கட்டியாக, பந்தலின் முகட்டுக்குக் கீழே, ஆட்கள் அண்ணாந்து பார்க்கிற மாதிரிக் கட்டவேண்டும் என்றார் மாஸ்டர். நான் கட்டினேன். தலைகீழாகக் கட்டிவிட்டேன். பிள்ளைகள் கீழே நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எனக்கு இப்பிடியும் ஒண்டு, அப்பிடியும் ஒண்டு" என்று சொல்லி, திருப்பிக் கட்டி, இனி அசையாது என்று கயிற்றோடு சேர்த்துத் தைத்தும் விட்டேன். அந்தத் தையல் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

சனிக்கிழமை நாலு மணிக்குத் திறப்பு. விருந்தாளி ரயிலில் வருகிறார்; மாஸ்டர் கார் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். நாலு அம்மாமாரும் வருவதாக ஏற்பாடு. மற்ற மூவருக்கும் அது பெரிய விஷயம் இல்லை. பியசேனவின் அம்மா தார் வாளிகள் இறங்கிய நாளில் இருந்து பேக்கரிப் படி தாண்டவில்லை. அவன் கெஞ்சி, கோபித்து, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் "வாறன்" என்ற ஒரு சொல்லை வாங்கியிருந்தான். காலையில் இருந்து ரோட்டையும் முகட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் எங்கள் லொறி டிறைவர் கயிறு வாங்கப் போனவர் வெறுங்கையோடு ஓடிவந்தார்.

"டேய், பொடியன்மார் இஞ்ச வாறானுகள். வாளியோட. பள்ளிக்கூடத்துக்குள்ள சிங்களம் எழுதித் தொங்குதாம் எண்டு ஆரோ சொல்லிப்போட்டான். பாலத்தடியில நிக்கிறானுகள். குலம்தான் முன்னுக்கு வாறான்."

குலத்தை எல்லோருக்கும் தெரியும். உயரமான பொடியன். சிரிக்கமாட்டான்.

"அவிழ்த்து எடுத்து ஒளிப்பம்" என்றாள் டொரத்தி.

நான் முகட்டைப் பார்த்தேன். தைத்த தையலை வெட்டி இறக்கப் பின்னேரமாகிவிடும். அவசரத்தில் இழுத்தால் துணி கிழியும், கம்பும் தலையில் விழும்.

"பொலிசுக்குச் சொல்லுவமா?" என்றான் ஹனீபா.

"சொன்னா?" என்று தங்கேஸ்வரி கேட்டாள். "பொலிசுக்காரன் அவனுகள்ற மண்டைய உடைப்பான். மறுகா பின்னேரம் அவனுகள் வந்து பேக்கரிக்கு நெருப்பு வைப்பானுகள். பேயா நீ, மடையா?"

பியசேன ரோட்டில் இருந்து முகத்தைத் திருப்பினான். "நான் ரோட்டுக்குப் போறன்" என்றான். "என்ற எழுத்துத்தானே அவனுகளுக்குப் பிரச்சினை. எனக்குப் பூசிப்போட்டுப் போகட்டும்."

"உனக்குப் பூசிறதுக்குத் தார் காணாது, நீ தடியன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பகிடி விடுகிறவனுக்கு அதைவிடப் பயங்கரமான சத்தம் உலகத்தில் இல்லை.

அப்போதுதான் லொறியில் கிடந்த வெள்ளைத் துணிக் கட்டுகள் கண்ணில் பட்டன. பந்தல் கடை லொறியில் சாவு வீட்டுக்கு வேண்டிய வெள்ளை எப்போதும் கிடக்கும். கல்யாணம் நாள் குறித்து வரும், மற்றது சொல்லாமல் வரும். வாசலைப் பார்த்தேன். காலையில் கட்டிய தென்னங்குருத்துத் தோரணம் தொங்கிக்கொண்டு இருந்தது. நல்ல காரியத்துக்குக் கட்டும்போது ஒவ்வொரு தொங்கலிலும் நாலு குருவி மடித்து, தலை மேலே பார்க்கவிடுவோம். சாவென்றால் மூன்று குருவி, தலை கீழே. நம்முடைய ஊரில் தோரணத்தைப் பார்த்த உடனே குரல் தானாக இறங்கும்.

"சாவு வீடாக்குவம்" என்றேன்.

டிறைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சாவு வீட்டுக்குள்ள தார் வாளியோட ஆர் வருவான்? எட்டி நிண்டு பார்த்திட்டு அப்பிடியே திரும்பிக் கிறுகிப் போயிடுவானுகள்."

அதுதான் என் கணக்கு. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே புல்லரித்தது. வெள்ளையை விரித்து மேல்கட்டிக்குக் கீழே இழுத்துக் கட்டினோம், ஏச்செல்லாம் மறைந்தது. தோரணத்தில் ஒவ்வொரு குருவியைப் பிய்த்து எறிந்து, மிச்சத்தைத் தலைகீழாக்கினோம். பாயை விரித்தோம். படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். பிள்ளைகளை அழச் சொன்னேன். அங்கேதான் சிக்கல்.

"எங்கட பக்கம் மவுத்து வீட்டில தோரணமும் இல்ல, கத்தி அழுறதும் இல்ல" என்றான் ஹனீபா. "பொய்க்கு அழுறது பாவம்."

"நீ அழாத. சும்மா குந்து."

"நாங்க கறுப்பு உடுப்போம்" என்றாள் டொரத்தி. அவள் உடுத்தியிருந்தது மஞ்சள் கவுன், பூப்போட்டது.

"இஞ்ச வாகா" என்று தங்கேஸ்வரி அவளை இழுத்து, லொறி வெள்ளையில் ஒரு துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். "முகத்தை மூடிக்கொண்டு கிட. நான் பார்க்கிறன்."

பியசேனவை மேடைக்குக் கீழே ஒளியச் சொன்னேன். மாட்டேன் என்றான். வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். 

வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். தூரத்தில் சத்தம், தோரணம் தெரிகிற இடத்துக்கு வந்ததும் சத்தம் நின்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நின்றான். குலம் முன்னால் வந்து தோரணத்தைப் பார்த்தான். நான் மனதுக்குள், கிறுகு, கிறுகு, கிறுகிப் போ என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

குலம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினான். வாளியை வேலியோரம் வைக்கச் சொன்னான். பிறகு எல்லாரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

தம்பிமாரே, என் புத்தியை என்னவென்று சொல்ல? எத்தனை சாவுக்குப் பந்தல் போட்டவன் நான்! செத்த வீட்டைக் கண்டும் காணாத மாதிரிப் போகிற பழக்கம் நம்முடைய ஊரில் எவனுக்கு இருக்கிறது? பகைவன் வீடென்றாலும் ஒருக்கால் உள்ளே வந்து குந்தி எழும்பிவிட்டுத்தான் போவான். விரட்டுவதற்குக் கட்டின தோரணத்தால் நானே வெற்றிலை வைத்து அழைத்துவிட்டேன்.

வாசலில் குலம் பியசேனவைப் பார்த்தான். பேக்கரிக்காரர் மகன் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நொடி. பிறகு தட்டத்தில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஆர் அண்ணே?"

இந்தக் கேள்விக்கு நான் விடை யோசித்து வைக்கவே இல்லை. தோரணம் தயார், வெள்ளை தயார், அழுவதற்கு ஆள் தயார். செத்தவர்தான் இல்லை. அங்கே நின்ற யாரையும் சொல்ல ஏலாது. இல்லாத ஆள் ஒருவர்தான்.

"சித்திர மாஸ்டர்" என்றேன். "உடம்பு இன்னும் வரல்ல. ஆஸ்பத்திரியில இரிக்கி."

குலத்தின் முகம் விழுந்ததை நான் இப்போதும் சொல்லக் கூச்சப்படுகிறேன். அப்படியே பாயில் குந்தினான். அவன் இதே பள்ளிக்கூடத்தில், இதே மாஸ்டரிடம் படித்தவன் என்பது எனக்குத் தெரியாது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். சிரிக்காத பொடியன் என்று சொன்னேனே. அழும்போதுதான் அவனுக்கு எவ்வளவு சின்ன வயது என்று தெரிந்தது.

"நேத்துச் சந்தையில கண்டு கதைச்சனே" என்றான். "'கை எப்பிடி இரிக்கி, கீறுறியா?' எண்டு கேட்டார். இல்ல சேர் எண்டன். என்ற கையைப் பிடிச்சு தூரிகை பிடிக்கப் பழக்கினது அவர்தான்."

மற்றப் பொடியன்மாரும் குந்திவிட்டார்கள். செத்தவரின் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போக மாட்டார்களே. தங்கேஸ்வரி அழுதுகொண்டு இருந்தாள். பயத்தில் அவளுக்கு மெய்யாகவே அழுகை வந்துவிட்டது. மாஸ்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "எங்களை இப்பிடி நடுவில விட்டுட்டு எங்க போனீங்க சேர்?" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எல்லாருடைய தலைக்கு மேலும் வெள்ளை. வெள்ளைக்கு மேலே நாலு அம்மாமார். வாவிக் காற்று எழும்பும்போதெல்லாம் வெள்ளை உப்பும், ஓரத்தில் நீலச் சாயம் கொஞ்சம் தெரியும், அடங்கும். 

டிறைவர் என் காதுக்குள் வந்து, "ரயில் சத்தம் கேட்டுது" என்றார்.

இதுதான், பிள்ளைகளே, நான் சொல்ல வந்த இடம். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, பொய்யை இன்னும் கொஞ்சம் இழுப்பது. உடம்பு வீட்டுக்கு நேரே போகிறதாம், நீங்களும் அங்கே போங்கோ என்று சொல்லி அனுப்புவது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அனுப்பியிருந்தால் போயிருப்பார்கள். மாஸ்டரின் மனைவி கதவைத் திறக்க, இவர்கள் பன்னிரண்டு பேரும் வாசலில் நின்று அழுதிருப்பார்கள். அதை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் முதலாளி ஒன்று சொல்லுவார்: பந்தலுக்குக் கீழே வந்தவன் யாராக இருந்தாலும் கம்பு விழாமல் பார்ப்பது பந்தல்காரன் பொறுப்பு. அவர் சொன்னது கம்பை மட்டும்தான். எனக்கு அன்று பார்த்தால், வாளியை வெளியே வைத்துவிட்டு, சால்வையை இறக்கிவிட்டு, என் வெள்ளைக்குக் கீழே குந்தி ஒருவன் அழுகிறான். வாளியோடு நின்றவனை ஏமாற்றலாம் என்று நினைத்தேன். இவனை இதற்கு மேல் ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் உண்டு: அவன் மாஸ்டரைக் காரில் கண்டால், அத்தனை பேருக்கும் முன்னால் ஏமாந்த பேயனாகிவிடுவான். பேயனாக்கப்பட்டவன் கையில் வாளி வந்தால் துணியோடு நிற்காது.

குலத்தைத் தோளில் தொட்டு, "தம்பி, ஒரு கதை, பின்னுக்கு வா" என்றேன். வாவிப் பக்கமாக, ஆட்களுக்குத் தெரியாத இடத்துக்குக் கூட்டிப் போனேன்.

"மாஸ்டர் சாகல்ல" என்றேன். "இப்ப வருவார். நான்தான் பொய் சொன்னன். உங்கட தாருக்குப் பயந்து."

அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு விளங்கிற்று. அறைந்தான். நான் குட்டை, அவன் உயரம். அந்த அறை மரத்தில் இருந்து விழுகிற தேங்காய் மாதிரி மேலே இருந்து வந்தது. காதுக்குள் கோயில் மணி, பள்ளிக்கூட மணி எல்லாம் ஒன்றாக அடித்தது.

"இரிக்கிறாரா?" என்றான்.

"ஓம்."

"உண்மையா இரிக்கிறாரா?"

"ஓம் தம்பி. இன்னும் ஒரு அறை வேணுமெண்டா அடி. பிள்ளைகளை விடு. இது என்ற புத்தி."

அவன் அடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். சந்தோஷமும் கோபமும் ஒரே முகத்தில் இடம் பிடிக்க அடிபட்டன. எது வெல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. திடீரென்று அவன் பார்வை வாசலுக்குப் போயிற்று.

"அந்தத் தோரணம்" என்றான். "உசிரோட இரிக்கிற மனிசன்ற பேருக்குச் சாவுத் தோரணம் கட்டி வச்சிருக்கிறாய்! அவர் அதுக்குக் கீழால வரப் போறாரா?"

அதை நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

அவன் ஓடினான். "டேய், எழும்புங்கடா! மாஸ்டர் இரிக்கிறார்! செத்தது பொய்!"

ஒருவன் சிரித்தான். ஒருவன் கெட்ட வார்த்தையால் ஏசினான். வாளிக்காரன் நேரே வேலிக்குப் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்ப எங்க அந்த எழுத்து? மேலயா?" என்று வெள்ளையை அண்ணாந்து பார்த்தான். பியசேன தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் போய் நின்றான்.  ஹனீபா போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றான். பிறகு பெட்டைகள் இரண்டு பேரும்.

"வாளியை வைடா" என்றான் குலம்.

"எதுக்கு? இவனுகள் எங்களைப் பேயனாக்கி—"

"முதல் வாளியை வை. மாஸ்டர் வாற நேரம் இது இப்பிடித் தொங்கக் கூடாது. மரத்தில ஏறு. குருத்து வெட்டு. ஓடு!"

வாளி கீழே வந்தது. தார் பூச வந்த பொடியன் சால்வையைக் காலில் மாட்டித் தென்னையில் ஏறினான். குருத்து விழ விழ எல்லாரும் பாயில் குந்தி மடித்தோம்.  குலத்துக்குக் குருவி மடிக்கத் தெரியவில்லை. அவன் விரலில் இருந்த தார் ஓலையெல்லாம் ஒட்டியது. பக்கத்தில் குந்தியிருந்த பியசேன ஒன்றை வாங்கி, பிரித்து, மடித்து, திருப்பிக் கொடுத்தான். குலம் வாங்கினான்.

"ஆரெல்லாம் வாறாக்கள்?" என்று குலம் ஓலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எங்கட அம்மாமார்" என்றான் பியசேன. "அவங்கட ஏச்சைத்தான் கீறியிருக்கிறம்."

"உங்கட அம்மாவுமா?"

"வாறன் எண்டவ."

குலம் அடுத்த ஓலையை எடுத்தான்.

சாவுத் தோரணத்தை இறக்கி, புதியதை ஏற்றி, கடைசிக் கயிற்றை நான் ஏணியில் நின்று இழுத்துக் கட்ட, கார் திரும்பிற்று. மாஸ்டர் இறங்கினார். காது மடலில் பச்சை. தோரணத்துக்குக் கீழால் வந்தார். நாலு குருவி, தலை மேலே. அவர் தாண்டும் வரை குலம் மூச்சு விடவில்லை.

"குலமா? நீயும் வந்தியா?" என்றார் மாஸ்டர். "தோரணம் கட்டுறியா? நல்லம், நல்லம். என்ன, கண் சிவந்திரிக்கி?"

"ஒண்டும் இல்ல சேர். சுகமா இரிக்கிறீங்களா சேர்?"

"எனக்கென்னடா, நான் கல்லு மாதிரி" என்று சொல்லி, என் கன்னத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுக்க அவரைக் கந்தோர்ப் பக்கம் கூட்டிப்போனார். பாதி வழியில் நின்று திரும்பி, வெள்ளையைப் பார்த்தார், வேலியோர வாளியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டார். கேட்காமல் போவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும், பிள்ளைகளே; நானாக இருந்தால் பத்துக் கேள்வி கேட்டு எல்லாவற்றையும் குழப்பியிருப்பேன்.

குலம் சால்வையை உதறித் தோளில் போட்டான். பொடியன்மாரைக் கூட்டினான். வாளியைத் தானே எடுத்தான். என்னிடம் வந்து, சத்தம் குறைத்துச் சொன்னான்.

"நாங்க போன பிறகு வெள்ளையை எடுங்க. நான் நிக்கிற நேரம் எடுக்காதீங்க. கண்டா நான் பூச வேண்டி வரும்."

"ஓம் தம்பி."

"அந்த எழுத்தில எனக்குள்ள கோபம் போகல்ல. அதை நினைச்சுக்கொள்ளுங்க."

"ஓம்."

போகிற வழியில் எங்கள் லொறி நின்றது. ஒரு பொடியன் தூரிகையை எடுத்து இலக்கத் தகட்டில் ஒரு நீள இழுவை இழுத்தான். டிறைவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர்களும் ஊருக்குள் போய் ஏதாவது சொல்லவேண்டுமே. அந்தத் தகட்டை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தது நான்தான். முதலாளி ஏசிய ஏச்சையும் துணியில் எழுதியிருந்தால் இன்னொரு பந்தல் வேண்டியிருக்கும்.

நானும் நாலு பிள்ளைகளும் வாசலில் நின்று பார்த்தோம். ரோட்டின் அந்தப் பக்கத்தில், பேக்கரிச் சந்தியால், குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தனியாக வந்துகொண்டு இருந்தார். பொடியன்மார் கூட்டம் அவரை நோக்கிப் போனது. பியசேன என் சட்டையைப் பிடித்தான். கூட்டம் ரோட்டோரம் ஒதுங்கிற்று. குடை நடுவால் வந்தது.

"இப்ப வெள்ளையை எடுக்கட்டா அண்ணே?" என்றான் பியசேன.

"ஒள்ளுப்பம் பொறு."

குலம் பாலத்தடித் திருப்பத்துக்குப் போய்விட்டான். அந்த இடத்தில் நின்று திரும்பினால் பந்தல் நன்றாகத் தெரியும். அவன் நிற்கவில்லை. கழுத்து விறைத்து, நேரே பார்த்துக்கொண்டு, வாளி காலில் இடிக்க இடிக்கப் போனான். அப்படி ஒருவன் திரும்பிப் பார்க்காமல் போவதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

திருப்பத்தில் கடைசிச் சால்வையும் மறைந்தது. தோரணத்துக்குக் கீழே குடை மடங்கிற்று.

"எடு" என்றேன்.